மொட்டை மாடிக்கு வெள்ளை அடிச்சா கரண்ட் பில் எவ்வளவு குறையும்? ஒரு ஆடிட்டர் கணக்கு



கனடாவுல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க, வீட்டுக் கூரைக்குள்ள கண்ணாடி இழைப் பஞ்சு அடைச்சு, உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாம தடுக்கிறாங்க. நம்ம குத்தாலத்துல பிரச்சினை தலைகீழ். மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை போதும். கத்திரி வெயில் சூடு மேல்தளம் வழியா உள்ளே இறங்குறதைத்தான் தடுக்கணும்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி, ராத்திரி உள்ளே விடும். ராத்திரி 9 மணிக்கு சீலிங்கைத் தொட்டுப் பாருங்க. சுவரை விட நல்லா சூடா இருந்தா, இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கீழ்த்தளத்துல மட்டும் இருக்கிறவங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

கடைசி யூனிட்டோட விலையைப் பாருங்க

2022 செப்டம்பர்ல வந்த வீட்டு மின்கட்டணப்படி, 2 மாசத்துக்கு:

- 500 யூனிட்: ரூ.1,725
- 501 யூனிட்: ரூ.1,958

ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233! காரணம், 500-ஐத் தாண்டினா 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு ரூ.2.25 சலுகை விலை போய் ரூ.4.50 ஆயிடும்.

இப்போ 620 யூனிட் ஓடுற வீட்டை எடுத்துக்கோங்க. பில் ரூ.2,930. மாடியைக் குளுமையாக்கி 490-க்கு இறக்கினா ரூ.1,665. மிச்சம் ரூ.1,265, அதாவது யூனிட்டுக்கு ரூ.9.73. ஆனா 330-லிருந்து 300-க்கு இறங்குற வீட்டுக்கு மிச்சம் வெறும் ரூ.135. அதுக்கப்புறம் கட்டணம் ஏறியிருக்கு. உங்க பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டுக்கோங்க. முறை இதேதான்.

எதுல செலவு பண்ணலாம்?

சுண்ணாம்பு: ரொம்ப மலிவு, நாமளே அடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில கரைஞ்சிடும். அதனால வருஷா வருஷம் மாசி, பங்குனியில திரும்ப அடிக்கணும். வாடகை வீட்டுக்கு இதுதான் சரி.

கூல் ரூஃப் பெயிண்ட்: உதாரணத்துக்கு ரூ.10,000 செலவுன்னு வைங்க. கோடையில 2 பில்லுல ரூ.2,530 மிச்சம். முதல் திரும்ப வர 4 வருஷம். பெயிண்டோட வாரண்டி அதை விடக் குறைவுன்னா, பில் கணக்குல லாபம் இல்லை.

வெள்ளை டைல்ஸ், தட்டோடு: நீண்ட நாள் உழைக்கும். ஆனா பாரம் அதிகம். கொத்தனாரை வெச்சு, பழைய தளம் தாங்குமான்னு பார்த்துட்டுத்தான் போடணும்.

மொட்டை மாடியில கீற்றுக் கொட்டகை நல்ல நிழல்தான். தீ விபத்தையும் யோசிச்சுக்கோங்க.

நீங்களே அடிக்கிறதா இருந்தா

முதல்ல விரிசலை அடைங்க. ஒழுகுற தளத்துக்கு மேல வெள்ளை அடிச்சா காசு வீண். பாசி, தூசியைத் தேய்ச்சுக் கழுவி, முழுசா காயவிடுங்க. வெயில் ஏறும் முன்னாடி, மெல்லிசா 2 கோட் அடிங்க. சுண்ணாம்பு கண்ணில பட்டா ஆபத்து; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சோலார் போடுற எண்ணம் இருந்தா அதை முதல்ல முடிவு பண்ணுங்க. பேனல் நிழல் விழுற இடத்துக்குப் பெயிண்ட் தேவைப்படாது.

வரிச் சலுகை உண்டா?

கையில இருக்கிற பணத்துல பண்ணினா கிடையாது. சொந்த வீட்டு ரிப்பேருக்குக் கடன் வாங்கியிருந்தா, பழைய வரி முறையில வட்டிக்கு வருஷம் ரூ.30,000 வரை கழிவு உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு 30% கழிவு எப்படியும் கிடைக்கும். பெயிண்ட் பில்லைத் தனியா காட்ட முடியாது.

ஏ.சி. இல்லாத வீடு?

பணக் கணக்குல மிச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். இருந்தும் நான் முதல்ல பண்ணச் சொல்றது இந்த வீட்டுக்குத்தான். சிங்கப்பூர், துபாய்னு இருந்து பணம் அனுப்பி மாடி வீடு கட்டி, ஏ.சி.யும் மாட்டிக் கொடுத்திருப்போம். அப்பா அம்மா பில்லுக்குப் பயந்து அதைப் போடவே மாட்டாங்க. அந்த வீடும் ஏ.சி. இல்லாத வீடுதான். வயசானவங்களுக்கு ராத்திரி புழுக்கம் உடம்பையே படுத்தும். அங்கே சுண்ணாம்புச் செலவை முதலீட்டுக் கணக்குல எழுதாதீங்க, மருத்துவச் செலவுக் கணக்குல எழுதுங்க.

போன வருஷ ஏப்ரல், ஜூன் பில்லை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. 500-ஐ எவ்வளவு தாண்டியிருக்குன்னு தெரிஞ்சா, எவ்வளவு செலவு பண்ணலாம்னு தானா தெரிஞ்சிடும்.