5 என்றால் எத்தனை செடி?

எபிசோட்ல நேரம் போதாமல் பாதியில் விட்ட கேள்வி இது: ஒரு உயிரினம் ஓர் இடத்தில் எவ்வளவு இருந்தது என்பதை எந்த ஃபீல்டில் எழுதுவது?

உலகம் முழுக்க மக்கள் பார்த்த செடி, பறவை, பூச்சி, மீன் பதிவுகளை ஜிபிஐஎஃப் ஒரே இடத்தில் சேர்த்துத் தருகிறது. தலைமையகம் கோபன்ஹேகன். யார் வேண்டுமானாலும் டவுன்லோட் பண்ணலாம். அதன் ஃபீல்ட் பெயர்கள் டார்வின் கோர் என்ற ஸ்டாண்டர்டிலிருந்து வருபவை. தலையை எண்ணினால் வேலை சுலபம். குளத்தில் 27 வாத்தா, இண்டிவிஜுவல் கவுண்ட் என்ற ஃபீல்டில் 27. முடிஞ்சுது.

புல்லை எப்படி எண்ணுவீங்க? தாவர ஆய்வாளர்கள் பெரும்பாலும் எண்ண மாட்டாங்க. ஒரு சதுரம் குறித்து, அதில் எவ்வளவு நிலத்தை அந்தச் செடி மூடியிருக்கிறது என்று பார்த்து மதிப்புப் போடுவாங்க. பிரான்-பிளாங்கே ஸ்கேல் அந்த வகை. அதில் 5 என்றால் முக்கால் பங்குக்கு மேல் மூடியிருக்கு என்று அர்த்தம். ஒன்றிரண்டு செடிதான் இருந்தால் எண்ணே கிடையாது, 'ஆர்' என்ற எழுத்துதான்.

அந்த 5-ஐ யாராவது இண்டிவிஜுவல் கவுண்டில் போட்டுட்டா? புல்வெளியையே மூடிக் கிடக்கிற புல், ஐந்தே செடி மிஞ்சிய அரிய இனமாகிடும். கோடு கிராஷ் ஆகாது. வேலிடேஷனும் பாஸ் ஆகும், ஏன்னா 5 ஒழுங்கான இன்டிஜர்தானே. பிறகு வேறு யாரோ அதையும் சேர்த்து ஆவரேஜ் எடுத்து, எந்த நிலத்தைக் காப்பாற்றணும் என்று மேப் போடுவாங்க.

இதுக்காகத்தான் டார்வின் கோரில் ஒரு ஜோடி ஃபீல்ட் இருக்கு: ஆர்கானிசம் குவாண்டிட்டி, ஆர்கானிசம் குவாண்டிட்டி டைப். முதலாவதில் 5, இரண்டாவதில் ஸ்கேலின் பெயர். பேமென்ட் சிஸ்டம் எழுதினவங்களுக்கு உடனே புரியும். தொகையை மட்டும் சேமிச்சு கரன்சியை விட்டுட்டா, அந்த 500 ரூபாயா டாலரா? ஆற்றுத் தண்ணீரில் டிஎன்ஏ தேடுகிற ஆய்வுகளுக்கும் இதே ஜோடிதான். அங்கே 15,000 என்று இருந்தால் அது மீன் கணக்கில்லை, டிஎன்ஏ ரீட்ஸ் கணக்கு.

டைப் ஃபீல்டில் எனக்கு ஒரு குறை உண்டு. நிலையான சொற்பட்டியலைப் பயன்படுத்தச் சொல்றாங்க, ஆனா கட்டாயம் இல்லை. ஒரே அளவை ஆளுக்கொரு ஸ்பெல்லிங்கில் எழுதினா உங்க ஃபில்டர் பாதியைக் கோட்டை விட்டுடும். அதனால் தலை எண்ணினதை இண்டிவிஜுவல் கவுண்டிலேயே வைங்க, மற்றதுக்கு மட்டும் ஜோடி என்பதுதான் என் கட்சி.

இன்னொரு வம்பு பூஜ்யம். இபேர்டில் "பார்த்தேன், எண்ணலை" என்பதற்கு 'எக்ஸ்' போடுவாங்க. உங்க ஸ்கிரிப்ட் அதை 0 ஆக்கினால், பறவை அங்கே இல்லவே இல்லை என்று ஆகிடும். ஜிபிஐஎஃப்பும் 0-ஐ அப்படித்தான் படிக்கும். 1 ஆக்கினால் ஆயிரம் கொக்குக் கூட்டம் ஒற்றைக் கொக்காகிடும். எண்ணிக்கையைக் காலியாகவே விட்டு, ஆக்கரன்ஸ் ஸ்டேட்டஸ் ஃபீல்டில் 'பிரசன்ட்' என்று மட்டும் போடுங்க.