எபிசோட் 41: கவலைக்கு ஒரு நேரம், ரசத்துக்கு ஒரு நேரம்
(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்தப்பட்டது)

போன வாரம் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "அண்ணா, வேலை போயிடுமோன்னு ஒரே யோசனை. ராத்திரி பார்சல் வாங்கிச் சாப்பிட்டுட்டு, ரீல்ஸ் பார்த்துட்டே படுத்திருக்கேன், மணி ரெண்டாயிடுது. என்ன பண்றது?" அந்தத் தங்கச்சி கேட்டதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் கிடையாது. மெக்கானிக்கல் படிச்சுட்டு கோடு எழுதுற ஆளு. சமையல்லயும் பெரிய ஆளு இல்ல. ஆனா இதே கேள்வி எனக்கு வந்த ஒரு சனி, ஞாயிறு இருக்கு. அதைச் சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5:40. லேப்டாப்பை மூடப் போற நேரத்துல ஒரு மீட்டிங் அழைப்பு. திங்கள் காலை 10 மணி, அரை மணி நேரம், மேனேஜரும் ஹெச்ஆரும். தலைப்பு எதுவும் இல்ல. அதுக்கு முந்தின மாசம்தான் எங்க மாடியில ரெண்டு டீமைக் காலி பண்ணியிருந்தாங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் வாங்கின பர்சனல் லோன் இன்னும் 22 மாசம் பாக்கி. வெள்ளி ராத்திரி சுத்தமா தூங்கல.

சனிக்கிழமை காலையில அம்மா போன். "சாப்டியா?" "ம், சாப்டேன்." "குரலே சரியில்லையேடா, ஜலதோஷமா?" ஆமாம்மான்னு சொல்லிட்டேன். அதுதான் ஈஸியா இருந்துச்சு. "அப்போ மிளகு ரசம் வெச்சுக் குடி. போனை அலமாரியில நிக்க வை, நான் சொல்றேன்."

அந்த ரசத்தை அப்படியே சொல்றேன், ஒரு ஆளுக்கு ரெண்டு வேளைக்கு வரும். பெரிய நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீர்ல 10 நிமிஷம் ஊறப் போடுங்க. மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு நாலு பல் தோலோட. இதை உரல்ல தட்டணும். என்கிட்ட உரல் இல்ல, டபராவுல போட்டு சப்பாத்திக் கட்டையோட நுனியால இடிச்சேன். மிக்சி வேணாம்னு அம்மா கறாரா சொல்லிட்டாங்க, மாவாயிடுமாம். புளியைக் கரைச்சு, ஒரு தக்காளியைக் கையாலேயே பிசைஞ்சு போட்டு, உப்பு, கொஞ்சம் மஞ்சத்தூள், பெருங்காயம் சேர்த்து கொதிக்க விடுங்க. பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிஷம் ஆகும். அப்புறம் இடிச்சதைப் போட்டு, ரெண்டு டம்ளர் தண்ணி விட்டு, அடுப்பைக் குறைச்சிடுங்க.

இனிமேதான் விஷயம். "இப்போ கிட்டயே நில்லு. ஓரத்துல நுரை கட்டி மேல வரும், வந்ததும் அடுப்பை அணை. கொதிச்சா ரசம் கெட்டுச்சு" அப்படின்னாங்க அம்மா. காரணம் ரொம்ப சிம்பிள். மிளகுக்கும் சீரகத்துக்கும் மணம் குடுக்கிற எண்ணெய்கள் சீக்கிரம் ஆவியாகக் கூடியவை. தளதளன்னு கொதிக்க விட்டா வீடு பூரா மணக்கும், டம்ளர்ல ஒண்ணும் இருக்காது. அதனால அடுப்பு முன்னாடி நின்னு பாத்திரத்தோட ஓரத்தையே பார்த்துட்டிருந்தேன். நுரை வந்துச்சு, அணைச்சேன். கொத்தமல்லி கிள்ளிப் போட்டேன். ஒரு ஸ்பூன் நெய்யில கடுகு, காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டி மூடினேன்.

மூடும்போதுதான் உறைச்சது. கடைசி சில நிமிஷமா ஹெச்ஆர் ஞாபகமே வரல. வெள்ளி சாயங்காலத்துல இருந்து அதுதான் முதல் தடவை. சோறு பிசைஞ்சு சாப்பிட்டு, தட்டு கழுவும்போது திரும்ப வந்துடுச்சு, அது வேற கதை.

மத்தியானம் படுத்துட்டு ஏன் அப்படின்னு தேடினேன். தாமஸ் போர்கோவெக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், பல வருஷம் கவலையைப் பத்தியே ஆராய்ச்சி பண்ணவர். கவலை பெரும்பாலும் வார்த்தையாத்தான் ஓடுதுன்னு அவர் சொல்றார். படமா வர்றது கம்மி. யோசிச்சுப் பாருங்க, "அப்படி ஆயிட்டா? அப்புறம் இப்படி ஆயிட்டா?"ன்னு உள்ளுக்குள்ள ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும். எங்க பாஷையில சொன்னா, வெளிய வர கண்டிஷனே எழுதாத லூப். திங்கக்கிழமை நடக்கப் போறதை சனிக்கிழமை எவ்வளவு யோசிச்சாலும் முடிவு வராது, அதனால நிக்காது. ரசத்துக்கு முடிவு இருக்கு, நுரை. அதைப் பார்க்க கண்ணு வேணும், மூக்கு வேணும், கை அடுப்புத் திருகுமேல இருக்கணும். உள்ள பேசுறதுக்கு அந்த நேரத்துல இடம் கம்மி. இது நான் புரிஞ்சுக்கிட்ட விதம்.

அதனாலதான் நூடுல்ஸ் எனக்கு வேலைக்கு ஆகல. தண்ணி ஊத்திட்டு ரெண்டு நிமிஷம் போனைத்தான் பார்ப்பேன். போன்ல லேஆஃப் நியூஸ்.

சரி, தட்டு கழுவும்போது கவலை திரும்ப வருதே, அதுக்கு என்ன? போர்கோவெக் குழு 1983-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குச் சொன்ன முறை இதுதான். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் கவலைக்கென்று ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால், வந்துவிட்டது என்று கவனித்து, அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, கண் முன்னால் இருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த அரை மணியில் உட்கார்ந்து நன்றாகக் கவலைப்படலாம், செய்ய முடிந்ததை யோசிக்கலாம். நான்கு வாரத்தில், இதைச் செய்தவர்கள் தாங்கள் கவலையில் கழிக்கும் நேரம் குறைந்ததாகச் சொன்னார்கள்.

படிக்கும்போது சிரிப்பா இருந்துச்சு. கவலைக்கு அப்பாயின்மென்ட்டா? ஆனா வேற வழியும் இல்ல. ஞாயிறு சாயங்காலம் 6 மணி, மொட்டை மாடி, ஒரு நோட்டு. படுக்கையில மட்டும் வேணாம், படுக்கை தூங்குறதுக்கு. ஒவ்வொரு கவலைக்கும் பக்கத்துல, இன்னைக்கே செய்யக்கூடியது ஏதாவது இருந்தா எழுதினேன். "வேலை போனா எத்தனை நாள் தாங்கும்?" கணக்குப் போட்டேன், வாடகையும் ஈஎம்ஐயும் சேர்த்து மூணரை மாசம். "பேப்பர்ஸ்?" சம்பளச் சீட்டு எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி சொந்த மெயிலுக்கு மாத்தினேன். பிஎஃப் கணக்குல என் சொந்த நம்பர்தான் இருக்கான்னு பார்த்தேன். இதை நீங்க எல்லாருமே இன்னைக்கே பாருங்க, வேலை நல்லா இருக்கும்போதே. கடைசி வரி "அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?" அதுக்குப் பக்கத்துல ஒண்ணும் எழுத வரல.

ராத்திரிக்கு இன்னும் ரெண்டு விஷயம் சொல்லிடறேன். 2018-ல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனா பேனாவுக்கு என்ன செலவு? ரெண்டாவது, காபி. உடம்புல காஃபின் பாதியாகக் குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு ஃபில்டர் காபி குடிச்சுட்டு பதினோரு மணிக்குத் தூக்கம் வரலன்னா, அதுக்கெல்லாம் கவலைமேல பழி போடாதீங்க.

ஆனா ஒண்ணு. வாரக்கணக்கா தூக்கம், சாப்பாடு, வேலை மூணுமே கெடுதுன்னா, வாழ்க்கையே வேணாம்னு தோணுதுன்னா, ரசத்தையும் நோட்டையும் நம்பிட்டு உட்காராதீங்க. டெலி மானஸ், 14416. 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயும் பேசலாம்.

திங்கக்கிழமை என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. வேலை போச்சு. பதினோரு நிமிஷத்துல மீட்டிங் முடிஞ்சது. ரெண்டு மாசச் சம்பளம் குடுத்தாங்க.

சாயங்காலம் திரும்ப ரசம் வெச்சேன். இந்தத் தடவை நுரை வரதுக்குள்ள கண்ணு வேற எங்கயோ போயிடுச்சு, கொதிச்சு அடுப்பெல்லாம் வழிஞ்சுது. அதைத் துடைச்சுட்டு, ஸ்டவ் பக்கத்துலயே தரையில உட்கார்ந்து அப்பாவுக்கு போன் போட்டேன். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "லோன் பேப்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புப்பா, நானும் பார்க்கிறேன்"னார். அம்மா பின்னாடி இருந்து, "ஜலதோஷம்னு பொய்யா சொன்னே?"ன்னு கத்துறாங்க.

அடுத்த வேலை கிடைக்க நாலு மாசம் ஆச்சு, கணக்கைவிட அரை மாசம் கூட. ஆனா அந்த ரெண்டு மாசச் சம்பளம் தாங்கிக் குடுத்துச்சு. இப்போ உரல் வாங்கிட்டேன்.

கோயம்புத்தூர் தங்கச்சி, வெச்சுப் பார்த்துட்டு இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.