உங்களுக்குத் தெரியுமா? ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்

பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் இருந்த ‘ஹைட்ராமேட்டிக்’. செய்தது ஜெனரல் மோட்டார்ஸ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் எம்5 இலகு டாங்கியிலும் இதைத்தான் பொருத்தினார்கள்: டாங்கிக்கு இரண்டு கேடிலாக் இன்ஜின், இரண்டு ஹைட்ராமேட்டிக்.

ஆட்டோமேட்டிக் பாக்ஸின் ஆயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். அது சாயம்தான். இன்ஜின் ஆயிலோடு குழம்பாமல் இருக்கவும், கீழே சொட்டினால் எங்கிருந்து கசிகிறது என்று பார்த்ததும் தெரியவும் அந்த நிறம். டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்ப்பதுதான் தொழில் கற்பவரின் முதல் பாடம். ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. பால் கலந்தாற்போல் இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. அப்போது ரேடியேட்டரை மட்டும் மாற்றி வண்டியை அனுப்பிவிடக் கூடாது. தண்ணீர் பட்ட பிளேட்டில் லைனிங் பசை விட்டு உரிந்து வந்துவிடும்.

ஆயில் பேனைக் கழற்றினால் உள்ளே காந்தத்தில் சாம்பல் நிறத்தில் சேறுபோல ஒட்டியிருக்கும். பயப்பட வேண்டாம், இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் அளவுக்கு உலோகச் சிம்பு இருந்தால்தான் பாக்ஸைத் திறந்தாக வேண்டும்.

1970-களின் தொடக்கம் வரை இந்த ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள், கிளட்ச் அதிராமல் பிடிப்பதற்காக! அமெரிக்கா தடை போட்ட பிறகே மாற்று ரசாயனங்கள் வந்தன.

பாக்ஸை இறக்காமலே உள்ளே எந்த கிளட்ச் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம். கிரைஸ்லரின் பழைய மூன்று கியர் ‘டார்க்ஃபிளைட்’டைப் பாருங்கள். கற்றுக்கொள்ள இவ்வளவு தெளிவான பாக்ஸ் அரிது என்பேன். உள்ளே இரண்டு கிளட்ச், இரண்டு பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை), ஒரு ஒன்வே கிளட்ச். பின் கிளட்ச் 1, 2, 3 மூன்றுக்கும் பிடிக்கும். முன் கிளட்ச் 3-க்கும் ரிவர்ஸுக்கும் மட்டும். வண்டி 1, 2-ல் நன்றாக ஓடுகிறது, 3-ல் இன்ஜின் இரைகிறதே தவிர இழுவை இல்லை, ரிவர்ஸும் எடுக்கவில்லை என்றால், அந்த இரண்டுக்கும் பொதுவான முன் கிளட்ச்சிலோ அதற்கு ஆயில் போகும் வழியிலோதான் கோளாறு. டிரைவில் போட்டால் நகராத வண்டி, லீவரை 1-ல் வைத்தால் மட்டும் நகர்கிறதா? ஒன்வே கிளட்ச் போய்விட்டது. லீவர் 1-ல் இருக்கும்போது அதன் வேலையை ஒரு பேண்ட் பார்த்துக்கொள்கிறது. 2009-ல் வந்த இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பாக்ஸில் கிளட்ச்சும் பிரேக்குமாக மொத்தம் ஐந்து. எந்த கியரிலும் அவற்றில் மூன்று பிடித்திருக்கும். அங்கும் இதே கணக்குத்தான். எந்தப் பாக்ஸ் வந்தாலும் ஸ்பேனரை எடுக்கும் முன் அதன் கிளட்ச் அட்டவணையைத் தேடி எடுங்கள்.

வால்வ் பாடியை இறக்கியபின், கிளட்ச்சுக்கு ஆயில் போகும் துளையில் கம்ப்ரசர் காற்றை அளவாக விடுவார்கள். ‘டொப்’ என்று பிஸ்டன் நகரும் சத்தம் கேட்டால் சீல் நன்றாக இருக்கிறது. ‘புஸ்’ என்று காற்று மட்டும் போனால் சீல் போயிற்று.

ஸ்கேனரில் பி0700 என்று வந்தால் அதுவே கோளாறு அல்ல. ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, போய்ப் பார்’ என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கொடுக்கும் தகவல், அவ்வளவுதான். அடுத்த கோடைப் படிக்காமல் சோலனாய்டு வாங்கிப் போடுவது வாடிக்கையாளரின் காசைக் கரைக்கும் வேலை.

‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்லிவரும் எல்லா வண்டியும் ஒன்றல்ல. 2014-ல் இந்தியாவில் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டியில், இன்ஜினையும் பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. அது சாதாரண மேனுவல் பாக்ஸ். கிளட்ச்சை அழுத்துவதும் கியர் மாற்றுவதும் கம்ப்யூட்டர் சொல்படி நடக்கும். அங்கே ஜெர்க் அடித்தால் முதலில் பார்க்க வேண்டியது கிளட்ச் தேய்மானத்தை.

பிரேக்கை அழுத்தி, டிரைவில் போட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து ஆர்பிஎம் பார்ப்பது ஸ்டால் டெஸ்ட். கம்பெனி சொன்ன அளவைத் தாண்டினால் உள்ளே கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. குறைந்தால் இன்ஜினில் பலம் இல்லை, அல்லது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் ஒன்வே கிளட்ச் போயிருக்கிறது. ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம். இன்ஜின் சக்தி முழுவதும் கன்வெர்ட்டரில் சூடாக மாறும், ஆயில் வெந்துவிடும்.

ஆயில் பம்பைச் சுழற்றுவது இன்ஜின். அதனால்தான் இக்கால ஆட்டோமேட்டிக் கார்களைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. இன்ஜின் நின்ற காரை, இழுவை கிடைக்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி வெகுதூரம் கட்டி இழுத்தால், ஆயில் போகாமல் உள்ளே பேரிங்கும் புஷ்ஷும் உரசித் தேய்ந்துவிடும். நான்கு சக்கரமும் மேலே இருக்கும்படி லாரியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.