தம்பதியராக ஒரு நெடும்பயணம்: துவிச்சக்கரவண்டி கற்பிக்கும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்குத் துவிச்சக்கரவண்டி புதியதொரு பொருளன்று. உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களில் விளைந்த மரக்கறிகளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கும் மருதனார்மடம் சந்தைக்கும் விடியற்காலையில் புறப்பட்ட தலைமுறைகள் இங்குண்டு. வெள்ளைச் சீருடையுடன் மாணவிகள் அணி அணியாகச் சைக்கிளில் பாடசாலை செல்லும் காட்சி, தென்னிலங்கையிலிருந்து வருவோரை இன்றும் வியக்கவைப்பதாகும். ஆயினும், கணவனும் மனைவியுமாக இரண்டு சைக்கிள்களில் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சென்று முடிப்பது என்றதும், அது வெளிநாட்டவருக்கே உரிய பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகின்றோம்.

இவ்வெண்ணம் சரியானதுதானா? அத்தகைய பயணம் ஒன்றை முடிப்பதற்கு உண்மையில் எவை தேவைப்படுகின்றன? இவ்வினாக்களுக்கு விடை தேடுமிடத்து, ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன்னர் இலங்கையிலும் இந்தியாவிலும் சைக்கிள் மிதித்த ஒரு தம்பதியரின் வரலாறு நமக்குத் துணைபுரிகின்றது.

ஃபானி புல்லொக் வேர்க்மன், அவரது கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். ஹன்ரர் ஒரு மருத்துவர். உடல்நலக் குறைவால் 1889இல் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, குடும்பத்துடன் ஜேர்மனியில் குடியேறினார். ஐரோப்பாவில் அக்காலத்தில் பரவிவந்த சைக்கிள் மோகம் இவர்களையும் பற்றிக்கொண்டது. அல்ஜீரியாவையும் ஸ்பெயினையும் சைக்கிளிலேயே சுற்றிவந்த பின்னர், 1897ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆசியாவுக்கான நெடும்பயணத்தைத் தொடங்கினர். அப்போது மனைவிக்கு வயது 38, கணவருக்கு 50.

இலங்கை, ஜாவா, பர்மா, இந்தியா என நீண்ட அப்பயணம் இரண்டரை ஆண்டுகள் வரை நீடித்தது. இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்ற இவர்கள் கடந்த தூரம் சுமார் 14,000 மைல், அதாவது ஏறத்தாழ 22,500 கிலோமீற்றர். உணவும் நீரும் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் புகையிரதப் பாதைகளை அண்டிய பெருவீதிகளையே தெரிவுசெய்தனர். தங்குவதற்கு வேறிடம் கிடைக்காதபோது புகையிரத நிலையங்களின் காத்திருப்பு அறைகளில் உறங்கினர். தேயிலை, சீனி, பிஸ்கற், ரின்னில் அடைத்த இறைச்சி, ஆளுக்கொரு போர்வை, மருந்து, சைக்கிள் திருத்தும் கருவிகள் ஆகியனவே அவர்களின் உடைமைகள். முட்கள் நிறைந்த பாதைகளில் ஒரே நாளில் 40 தடவைகள் வரை ரியூப்புக்கு ஒட்டுப்போட நேர்ந்ததும் உண்டு.

அவ்வளவு இடரிலும் அவர்கள் அப்பயணத்தை முடித்தனர். 1904இல் அதனை நூலாகவும் வெளியிட்டனர். பின்னர் இமயமலைப் பனியாறுகளை ஆராயச் சென்றபோது, ஓராண்டு கணவர் ஒழுங்கமைப்புப் பொறுப்பை ஏற்றால் மனைவி புகைப்படம் முதலிய பணிகளைக் கவனிப்பதும், மறுதடவை பொறுப்புகளை மாற்றிக்கொள்வதும் அவர்களின் வழக்கமாயிற்று. 1912இல் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், பெண்களுக்கு வாக்குரிமை கோரும் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி ஃபானி எடுத்துக்கொண்ட புகைப்படம் புகழ்பெற்றது. அவரது தாய்நாட்டில் நாடளாவிய ரீதியில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1920இல். நமது நாட்டில் 1931இல்.

இத்தம்பதியரைக் குறைகளற்றவர்களாகக் காட்டுவது நமது நோக்கமன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் வெள்ளையர் என்ற காரணத்தால் அவர்களுக்குத் திறந்த கதவுகள் பல. அவர்களது நூல் பழைய கோயில்களையும் கட்டடங்களையும் போற்றிய அளவுக்கு, வழியில் வாழ்ந்த மக்களைக் கண்டுகொள்ளவில்லை. ஆயினும் ஒரு மனைவி கணவனின் பின்னிருக்கையில் அமராது, தனது காலால் மிதித்து அதே தூரத்தைக் கடந்தாள் என்பதே இங்கு நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. பயணத்தை முடித்தல் என்பது இருவரும் தத்தம் முயற்சியால் ஒன்றாக வந்து சேர்தலாகும். ஒருவர் முந்திச் சென்று காத்திருப்பதும், ஒருவர் மற்றவரைச் சுமந்து வருவதும் அதற்கு ஈடாகா.

இதற்கான நுட்பம் எளிமையானது. இருவருள் மெதுவாகச் செல்பவரின் வேகமே பயணத்தின் வேகமாக இருத்தல் வேண்டும். வலுவானவர் தமது வேகத்தில் செல்ல, மற்றவர் அவரை எட்டிப்பிடிக்க முயன்றால், மூன்றாம் நாளிலேயே முழங்கால் நோவும் மனக்கசப்பும் தோன்றிவிடும். ஆகவே சாதாரண வேளைகளில் மெதுவானவர் முன்னே செல்வதே நன்று. எதிர்காற்று வீசும்போது இம்முறை மாறவேண்டும். முன்செல்பவர் காற்றை முறித்துக் கொடுப்பதால் பின்வருபவரின் உழைப்பு கணிசமாகக் குறைகின்றது. எனவே அப்போது வலுவானவர் முன்னே செல்லவேண்டும். ஒரு குடும்பத்தை நடத்துவதற்கும் இதனிலும் சிறந்த விதி இருப்பதாகத் தெரியவில்லை.

நமது நாட்டில் இத்தகைய பயணத்துக்கு இயல்பாக அமைந்த பாதை, தெற்கு முனையான தெவிநுவரவிலிருந்து வடக்கு நோக்கி வருவதாகும். மாத்தறை, காலி வழியாகக் கொழும்பை அடைந்து, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா எனச் சென்றால் மலையேற்றம் இன்றியே யாழ்ப்பாணம் சேரலாம். மொத்தத் தூரம் ஏறத்தாழ 570 கிலோமீற்றர். நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் வீதம் பத்து நாட்களில் முடிக்கக்கூடியது. மலைநாட்டையும் காண விரும்புவோர் கடுகண்ணாவ ஏற்றத்தைக் கடந்து கண்டிக்குச் சென்று, அங்கிருந்து 321 கிலோமீற்றர் நீளமான ஏ-9 வீதியில் இறங்கி வரலாம். தெற்கிலிருந்து வடக்கே வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று, வவுனியாவைக் கடந்த வெளியான நிலங்களில் பயணிகளின் முதுகுப்புறமாகவே வீசும். வடக்கிலிருந்து தெற்கே செல்வோர் அதே காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

வரைபடத்தில் இவ்வளவு எளிதாகத் தோன்றும் இப்பாதை, ஒரு தலைமுறைக் காலம் நமக்கு மூடப்பட்டிருந்தது என்பதை மறப்பதற்கில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. சைக்கிளே பாரவண்டியாகவும் வாடகை வண்டியாகவும் நோயாளர் வண்டியாகவும் மாறியது. பற்றரிகளுக்கும் தடை இருந்தமையால், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் பல. ஆனையிறவு வழி அடைபட்டிருந்தபோது, கொம்படி–ஊரியான் பாதையில் நீருக்குள் இறங்கிச் சைக்கிளை உருட்டிச் சென்றவர்களும், பின்னர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்களும் நம்மிடையே இன்றும் வாழ்கின்றனர். நாட்டைக் கடந்து செல்வது அப்போது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் உத்தரவின்பேரில் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாகச் சேர்த்த உடைமைகள் அனைத்தையும் விட்டு அவர்கள் சென்றனர். பெருமளவினர் புத்தளத்தில் அகதிகளாயினர். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, உரும்பிராய் உள்ளிட்ட வலிகாமத்துத் தமிழ் மக்கள் மூட்டை முடிச்சுகளைச் சைக்கிள்களில் கட்டித் தள்ளியவாறு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். இரு சமூகங்களும் ஒரே திகதியில், ஒரே மண்ணிலிருந்து தூக்கியெறியப்பட்டமையை வரலாறு பதிந்து வைத்திருக்கின்றது. ஒருவரின் துயரை மற்றவர் அறிந்துகொள்ள இந்த ஒரு திகதியே போதுமானது.

போர்நிறுத்தத்தின் பயனாக 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று, இரு தரப்பினரின் சோதனைகளையும் தாண்டியே மக்கள் பயணித்தனர். 2006 ஓகஸ்ட்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015இல் அகற்றப்பட்டது. இன்று தெவிநுவரவிலிருந்து உரும்பிராய் வரை எவரிடமும் அனுமதி பெறாது இருவர் சைக்கிளில் வரமுடிகின்றதெனில், அது பலரும் பெருவிலை கொடுத்தபின் கிடைத்த வசதி என்பதை உணர்தல் வேண்டும். அதனைப் பயன்படுத்தாது விடுவது, திறந்த கதவின் முன்னால் நின்றுவிடுவதை ஒக்கும்.

எனினும் வீதி திறந்தால் மட்டும் போதாது. வீட்டு வாசலும் திறக்கவேண்டும். பாடசாலைக்குத் தினமும் சைக்கிளில் சென்ற பெண்பிள்ளை, திருமணத்தின் பின்னர் கணவனின் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்கு மாறிவிடுவது நமது ஊர்களில் வழமையாகிவிட்டது. அவளது சைக்கிள் கொட்டிலில் துருப்பிடிக்கின்றது. இதனை எவரும் கட்டளையிட்டுச் செய்விப்பதில்லை. "இனி என்ன சைக்கிள்?" என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருக்கின்றது. சந்தைக்கோ மருந்தகத்துக்கோ செல்வதற்கும் இன்னொருவரின் நேரத்துக்காகக் காத்திருக்கும் நிலை இவ்வாறுதான் உருவாகின்றது.

இந்நிலை மாறக்கூடியதே என்பதற்குத் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டம் சான்று பகர்கின்றது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் கிராமப் பெண்களுக்குக் கற்பித்தது. பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டனர். கட்டுப்பாடு மிக்க குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் அவர்களுள் முன்னணியில் நின்றனர். தொடக்கத்தில் எழுந்த ஏளனப் பேச்சுகள் நாளடைவில் அடங்கின. உடையும் இதற்குத் தடையன்று. குறுக்குச் சட்டம் தாழ்ந்தும், சங்கிலிக்கு மூடியிட்டும் அமைந்த பெண்களுக்கான சைக்கிள், நீண்ட ஆடை அணிந்த ஐரோப்பியப் பெண்களுக்காகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கப்பட்டது. அது சேலைக்கும் அபாயாவுக்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.

அரசும் உள்ளூராட்சி மன்றங்களும் செய்யவேண்டியவை உள. ஏ-9 வீதி அகலமாக்கப்பட்டபின் வாகனங்களின் வேகம் பெருகியுள்ளது. சைக்கிளோட்டிகள் வெள்ளைக் கோட்டின் விளிம்பில் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு செல்லவேண்டியுள்ளது. வீதியோரத்தைச் செப்பனிடுதல், பெருநகரங்களை அண்டிய பகுதிகளிலேனும் சைக்கிளுக்கென ஓர் ஒழுங்கையை ஒதுக்குதல், பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தக்கூடிய கழிப்பறைகளை அமைத்தல் ஆகியன பெரும் செலவு பிடிப்பவை அல்ல. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது நாடு முழுவதும் சைக்கிளைத் தேடி ஓடியதை இவ்வளவு விரைவில் மறந்துவிடலாகாது.

பயணிகளும் சிலவற்றை மனங்கொள்ளவேண்டும். வெயிலுக்கு முன்னரே புறப்பட்டு முற்பகலில் பெரும்பகுதித் தூரத்தை முடித்துவிடுவது நன்று. இரவில் ஓடுவதைத் தவிர்த்தல் வேண்டும். இறுதி நாளில் கூடுதல் அவதானம் அவசியம்; உடல் சோர்ந்திருக்க, ஊர் நெருங்கிவிட்டது என்ற அவசரம் மனத்தைத் தள்ளும். முறிகண்டியில் எல்லோரையும் போல இறங்கிக் கச்சான் வாங்கி இளைப்பாறிச் செல்வதால் நேரம் வீணாகிவிடாது. புத்தளத்தில் ஓர் இரவு தங்கினால், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவை இன்றும் தமது ஊரென்று சொல்லும் குடும்பங்களைச் சந்திக்கலாம். வேர்க்மன் தம்பதியர் தவறவிட்டது இதனைத்தான். கட்டடங்களைக் கண்டோர் பலர். மனிதரைக் கண்டு வருவோரே நாட்டைக் கடந்தவராவர்.

யாழ். நகரிலிருந்து பலாலி வீதி வழியே திருநெல்வேலியையும் கோண்டாவிலையும் கடந்தால் உரும்பிராய்ச் சந்தி வந்துவிடும். பத்து நாள் பயணத்தின் இறுதி அரைமணி நேரம் அது. அங்கு வந்து சேரும் தம்பதியருக்கு மாலை மரியாதை தேவையில்லை. மறுநாள் காலையில் அந்த மனைவி அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படும்போது, அதனை எவரும் வியந்து பார்க்காதிருந்தால், அதுவே போதுமானது.