வேகப்பந்து வீசும் பிள்ளையின் நாரி நோ

எங்கள் பக்கத்தில் பதினாறு வயதுப் பொடியன் ஒருவன் வேகமாகப் பந்து வீசுகிறான் என்றால், அவன் எல்லோருக்கும் வேண்டும். கிழமை நாட்களில் பாடசாலையின் வயதுப் பிரிவு அணி, சனிக்கிழமை முதலாம் அணி, ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கழகத்தின் மென்பந்துச் சுற்றுப்போட்டி. இடையில் பின்னேரப் பயிற்சி. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். ஆனால் அவன் கிழமைக்கு மொத்தம் எத்தனை பந்து வீசினான் என்று எவருக்கும் தெரியாது. வடமராட்சியில் பிள்ளைகளுக்குப் பந்துவீச்சுப் பழக்கும் நான், புதிதாக வருகிறவனிடம் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.

பந்தை விடுவதற்குச் சற்று முன் முன்னங்கால் நிலத்தில் ஊன்றும்போது, உடல் எடையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு விசை காலூடாக மேலே ஏறுகிறது. அதே கணத்தில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சரிந்து, திரும்பவும் செய்கிறது. இவ்வளவு சுமையும் நாரியில்தான் விழுகிறது. வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கத்தில், நாரியின் கடைசி முள்ளெலும்புகளில் மெல்லிய வெடிப்பு உண்டாகும். விழுந்து கை முறிவது போல இது ஒரே நாளில் வருவதில்லை. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஓரிடத்தில் விடுமல்லவா, அதைப் போன்றது. அந்த எலும்பு முழுப் பலம் பெற இருபது வயது தாண்ட வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் பட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகனஸ்பேர்க்கில் தன் முதல் டெஸ்டில் ஆடினார். ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட்டுகள் எடுத்தார். அடுத்த டெஸ்டில் அவர் ஆடியது 2017 மார்ச்சில். இடையில் போன ஐந்து வருடங்களில் பெரும்பகுதியை முதுகு வெடிப்புகள் தின்றன. அவருக்கு ஒரு நாட்டின் மருத்துவக் குழுவே பின்னால் நின்றது. எங்கள் பொடியனுக்குப் பின்னால் நிற்பது ஒரு போத்தல் நோவெண்ணெய்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முள்ளிவாய்க்காலில் கைக்குழந்தையாக இருந்த ஒருவன் என்னிடம் பழகுகிறான். மூன்று மாதமாக நாரி நோவோடு பந்து வீசியிருக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பா காலுக்குள்ள செல் துண்டோட கூலி வேலைக்குப் போறார் சேர். நான் போய் இதைச் சொல்லலாமோ?" என்றான். எங்கள் வீடுகளில் நோவுக்கு இருக்கும் அளவுகோல் இதுதான். பிள்ளைகள் சொல்லமாட்டார்கள், நாம்தான் பார்த்துக் கேட்க வேண்டும்.

எதைக் கேட்பது? நோ ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதா? ஓய்வெடுத்தால் தணிந்து, வீசத் தொடங்கியதும் திரும்ப வருகிறதா? ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாயும்போது குத்துகிறதா? இவற்றுக்கு ஆமென்றால் அன்றோடு பந்து வீசுவதை நிறுத்தி வைத்தியரிடம் கொண்டுபோங்கள். காலில் விறைப்போ பலவீனமோ இருந்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் இந்த வெடிப்பு பல வேளை தெரியாது. அந்தப் பொடியனுக்கும் எக்ஸ்ரேயில் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரிந்தது. நான்கு மாதம் பந்தைத் தொடவில்லை. இப்போது பாதி வேகத்தில் வீசத் தொடங்கியிருக்கிறான். போட்டிக்கு முன் நோ மாத்திரை கொடுத்து இறக்குவதைப் பல மைதானங்களில் காண்கிறேன். நோ தெரியாமல் போனாலும் வெடிப்பு வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இங்கிலாந்து துடுப்பாட்டச் சபை இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு நீண்டகாலம் வைத்திருந்த அளவு இது: 13 வயது வரை ஒரு தொடரில் 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதுப் பிரிவுகளுக்கு 6, நாளுக்கு 12. 16 முதல் 19 வரை 7, நாளுக்கு 18. பயிற்சியில் வீசுவதையும், மென்பந்தில் வீசுவதையும் கணக்கில் சேருங்கள். பந்து மெதுவானது என்பதற்காக நாரி குறைவாக வளைவதில்லை.

வீசும் முறையையும் பாருங்கள். கைத்தொலைபேசியில் பின்னாலிருந்து படம் பிடித்தால் போதும். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறொரு திசையிலும் முறுகி நின்றால் ஆபத்து அதிகம், திருத்த வேண்டும். சீமெந்துத் தரையில் விரிப்புப் போட்டு வீசும் நாட்களில் ஓவர்களைக் குறையுங்கள். அடி தேய்ந்த சப்பாத்து வேண்டாம்.

மாசி, பங்குனியில் பெரும்போட்டிகள் வருகின்றன. கிழமைக்கு 60 பந்து வீசியவனைத் திடீரென 180 வீசவைப்பதே அந்த நாட்களில் நடப்பது. மார்கழியிலிருந்தே கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டி வாருங்கள். அந்தப் பொடியனின் தாய் இப்போது சமையலறை நாட்காட்டியில் நாளுக்குநாள் பந்துக் கணக்கை எழுதுகிறார். பாடசாலைப் பொறுப்பாளரும் கழகத் தலைவரும் அவரிடம்தான் கேட்டு அறிகிறார்கள்.