ஒரு டாக்டருக்கு எத்தனை துணைவர்கள்?

கதாநாயகனுக்குத் துணையாக ஒருவர் போதுமா, மூவர் வேண்டுமா? தொலைக்காட்சித் தொடர் எழுதுவோரைப் பல காலமாகப் படுத்தி வைக்கும் கேள்வி இது. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கதைத் தொடர் தன் முதல் வருஷத்திலேயே இதற்கு நல்ல விடை கண்டது. பிற்பாடு அந்த விடையை எங்கோ வைத்துவிட்டுத் தேடியது.

தொடரைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. வேற்றுக் கிரகத்து மனிதர் ஒருவர். சொந்தப் பெயர் தெரியாது. 'டாக்டர்' என்றே அழைப்பார்கள். அவருடைய வாகனமான 'டார்டிஸ்', வெளியே பார்த்தால் லண்டன் போலீஸாரின் நீலநிற டெலிபோன் கூண்டு. உள்ளே நுழைந்தால் மாளிகை போல விசாலம். அதில் ஏறி எந்தக் காலத்துக்கும், எந்த உலகத்துக்கும் போவார். கூடவே சிலர் ஏறிக்கொள்வார்கள்.

1963 நவம்பர் 23ந் தேதி முதல் பகுதி ஒளிபரப்பாயிற்று. அதை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசேன். லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24. நம் நாட்டில் பிறந்த ஒருவர் பிள்ளையார் சுழி போட்ட தொடர் என்று நாம் சற்றுப் பெருமைப்பட்டுக் கொள்வதில் தவறில்லை.

நால்வருக்கும் வேலை

அந்த முதல் கதையில் நான்கு பேர். டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னலுக்கு வயது 55. பேத்தி சூசன் பள்ளி மாணவி. மற்ற இருவர் அவளுடைய ஆசிரியர்கள்: விஞ்ஞானம் கற்பிக்கும் இயான், சரித்திரம் கற்பிக்கும் பார்பரா. குழந்தைகளுக்கு விஞ்ஞானமும் சரித்திரமும் புகட்டுவது தொடரின் நோக்கங்களில் ஒன்று. ஆகவே இந்த இரு வாத்தியார்களும் சும்மா சேர்க்கப்பட்டவர்கள் அல்ல.

டாக்டர் கிழவர், ஓடவோ அடிதடியில் இறங்கவோ அவரால் ஆகாது. அது இயானின் பொறுப்பு. அதோடு அவர் முன்கோபக்காரர், மர்மமானவர், ஆரம்பத்தில் நம்பத்தக்கவராகக்கூட இல்லை. எனவே நியாயம் பேசும் பொறுப்பு பார்பராவிடம் வந்தது.

1964ல் வந்த 'தி அஸ்டெக்ஸ்' கதையைப் பாருங்கள். மெக்ஸிகோவின் பழங்குடி அரசில் போய் இறங்குகிறார்கள். பார்பராவை அங்குள்ளோர் பழைய தலைமைப் பூசாரியின் மறு அவதாரம் என்று எண்ணி வணங்க, அவள் அந்த அதிகாரத்தை வைத்து நரபலியை நிறுத்தப் பார்க்கிறாள். சரித்திரத்தை மாற்ற முடியாது என்று டாக்டர் தடுக்கிறார். கதையின் உயிரே இந்த வாக்குவாதம்தான். இதற்கிடையே இயான் போர்வீரர்கள் நடுவே. சூசன் கன்னியர் பயிலும் பள்ளியில். டாக்டரோ முதியோர் தோட்டத்தில், கோகோ பானம் கலந்து கொடுத்தால் கல்யாண நிச்சயம் என்று அறியாமல் ஒரு அம்மாளிடம் மாட்டிக்கொள்கிறார்! நால்வர், நான்கு இடம், நான்கு ஜோலி. யாரும் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை.

ஐந்து பேரை வைத்துக்கொண்டு கதை சொல்வது நமக்கும் பழக்கமானதே. மகாபாரதத்தில் நகுல சகதேவர்கள் பல இடங்களில் பின்வரிசையில்தான் நிற்கிறார்கள். விராட பர்வத்தில் மட்டும் ஒருவர் குதிரை லாயத்திலும், மற்றவர் மாட்டுக் கொட்டிலிலும் தனிப் பொறுப்போடு தெரிகிறார்கள்.

ஹாரிக்கு வந்த சோதனை

1974ல் புதிய டாக்டரைத் தேடும்போது, வயதானவர் வரக்கூடும் என்றெண்ணி, ஓடியாடுவதற்காக ஹாரி என்ற கடற்படை வைத்தியரைத் துணைப் பாத்திரமாக ஏற்பாடு செய்தார்கள். வந்தவரோ 40 வயது டாம் பேக்கர். நெட்டை உருவம், தாவிக் குதிப்பதும் அவரே, சிரிக்க வைப்பதும் அவரே. பத்திரிகைக்காரியான சாரா ஜேனுக்குத் துருவிக் கேட்கும் வேலை இருந்தது. ஹாரிக்கு? நல்ல நடிகர், நல்ல பாத்திரம். ஆனால் 1975லேயே இறங்கிவிட்டான். ரயில்வேயில் இருப்பவன் என்பதால் எனக்கு இது உடனே விளங்குகிறது: ஒரே கவுண்டருக்கு இரண்டு பேரை டியூட்டி போட்டால் ஒருவர் டீ குடிக்கத்தான் போக வேண்டும்.

1982ல் இந்தக் கஷ்டம் முற்றியது. பீட்டர் டேவிசன் என்ற இளைஞர் டாக்டர்; அவரோடு ஆட்ரிக், நிஸ்ஸா, டீகன் என்று மூவர். ஆட்ரிக் கணிதப் புலி, நிஸ்ஸா விஞ்ஞானம் தெரிந்தவள். டாக்டருக்கோ இரண்டும் தலைகீழ்ப் பாடம். ஆஸ்திரேலியப் பெண்ணான டீகன் ஒருத்திதான் வாய்ச் சண்டையால் பிழைத்தாள். அந்த வருஷத்து 'கிண்டா' என்ற கதை, நிஸ்ஸா இல்லாமலே முதலில் எழுதப்பட்டது. ஆகவே தொடக்கத்தில் அவளுக்கு மயக்கம் வரவழைத்து, டார்டிஸுக்குள் தூங்கப் போட்டுவிட்டு, நான்காம் பகுதியில் எழுப்பினார்கள். (இக்கதையில் கருணா, அனிச்சா, துக்கா, அனத்தா என்று பௌத்தப் பெயர்கள் வருவது நம்மவர்களுக்குச் சுவையான விஷயம்.)

அடுத்த மாதம் 'எர்த்ஷாக்'. தன்னை எல்லோரும் கேலிப்பொருளாக நடத்துவதாக ஆட்ரிக் டாக்டரிடம் சண்டை பிடிப்பதில் கதை தொடங்குகிறது. பூமியை நோக்கி விழும் கப்பலைத் திருப்ப, அவனுடைய கணிதம் ஒன்றே வழி என்ற கட்டம் வருகிறது. அவன் ஒருவனே செய்யக்கூடிய வேலை கடைசியில் வந்தது. கணக்கை முடிக்குமுன் கருவி சுடப்பட்டு நாசமாக, கப்பலோடு அவனும் அழிந்தான். அன்று தொடரின் வழக்கமான இசை ஒலிக்கவில்லை. உடைந்த அவனது கணிதப் பதக்கத்தின் மேல் பெயர்கள் மௌனமாக ஓடின.

கூட்டம் கரைந்து, 1984ல் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி'யில் பெரி என்ற ஒரே துணைதான் மிச்சம். இருவருக்கும் விஷம் ஏறிவிட்டது; மாற்று மருந்து ஒருவருக்குத்தான் காணும். அவளுக்குக் கொடுத்துவிட்டு டாக்டர் விழுகிறார். ரசிகர்கள் தலைசிறந்த கதைகளில் ஒன்றாக இதைக் கொண்டாடுகிறார்கள். அதனால் ஒற்றைத் துணையே சிறந்தது என்று தீர்ப்பெழுதிவிடலாமா? அஸ்டெக் கதையைப் பார்த்த பிறகு எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சாபில் ஒரு கல்யாணம்

2018ல் ஜோடி விட்டேக்கர் முதல் பெண் டாக்டராக வந்தபோது மறுபடியும் மூவர்: கிரஹாம், ரயான், யாஸ்மின் கான். ஒவ்வொரு கதைக்கும் சுமார் 50 நிமிடம். வில்லனையும் விருந்தாளிகளையும் கழித்தால் தலைக்கு என்ன தேறும்? பல வாரங்களில் போலீஸ்காரியான யாஸ்மின் ஓரமாக நின்றாள் என்ற குறை எழுந்தது; நியாயமான குறைதான்.

ஆனால் அந்த வருஷம் நவம்பரில் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்', எழுதியவர் வினய் பட்டேல், வேறு விதம். யாஸ்மின் தன் பாட்டி உம்ப்ரீனின் இளமையைக் காண 1947க்குப் போகிறாள். தேசம் துண்டாகும் நாள். முஸ்லிம் பெண்ணான உம்ப்ரீன், பிரேம் என்ற இந்து வாலிபனை மணக்க இருக்கிறாள். அவன் தன் தாத்தா அல்ல என்பது யாஸ்மினுக்குத் தெரியும். அப்படியானால் அவன் கதி என்ன ஆயிற்று?

மற்ற இருவரும் இங்கே கல்யாண வீட்டு விருந்தாளிகள் மட்டுமே. மாப்பிள்ளைக்கு முன்னால் விஷயத்தை விழுங்கிக்கொண்டு, கிரஹாம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லும் காட்சி சிறியது, நெஞ்சில் நிற்கிறது. டாக்டருக்கும் திருமணத்தை நடத்தி வைப்பதே வேலை. பிரேமைக் காப்பாற்றினால் யாஸ்மின் பிறக்கவே மாட்டாள். ஆகவே அவனைத் தேடி மதவெறிக் கும்பல் வரும்போது, நால்வரும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார்கள். அந்தக் கும்பலில் பிரேமின் தம்பியும் இருக்கிறான். பின்னால் துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.