தோற்றவர்களின் கதைக்கு ஒரு மாட்டுக்கொட்டில்

வேல்ஸுக்குச் சுற்றுலா போகிறவர்கள் முதலில் தேடுவது கோட்டைகளைத்தான். கர்னார்வன், கொன்வி, ஹார்லெக், பியூமாரிஸ் ஆகிய நான்கும் 1986 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றைக் கட்டுவித்தவர், வேல்ஸைக் கைப்பற்றிய இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வேர்ட். அப்படியானால் தோற்றவர்களின் கதையை எந்தக் கட்டடத்தில் சொல்வது?

கெரடிகியன் பகுதியில் உள்ள ஸ்ட்ராட்டா புளோரிடாவில் அதை ஒரு பழைய மாட்டுக்கொட்டிலில் சொல்கிறார்கள்.

இங்கிருந்த துறவிமடத்தை 1164 இல் தொடக்கியவர் ஒரு நோர்மன் பிரபு. அடுத்த ஆண்டே அப்பகுதியை மீட்ட வேல்ஸ் இளவரசர் றீஸ் அப் கிரிஃபித், மடத்தின் புரவலரானார். 1238 இல் லிவெலின் மன்னர் வேல்ஸ் ஆட்சியாளர்களை இங்கே கூட்டி, தன் மகன் டாவித்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வைத்தார். வேல்ஸ் இளவரசர்களின் வரலாற்றுக் குறிப்பேடு இங்குதான் இலத்தீனில் தொகுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இலத்தீன் மூலம் தொலைந்துவிட்டது. வேல்ஸ் மொழிபெயர்ப்புகளே எஞ்சியுள்ளன.

1401 இல், ஓவைன் கிளிந்தூரின் கிளர்ச்சியை அடக்க வந்த நான்காம் ஹென்றியின் படை மடத்துக்குள் புகுந்தது. பிரதான பீடம் வரை குதிரைகளைக் கட்டினார்கள் என்று அக்காலத்தவரான அஸ்க் ஊர் ஆடம் எழுதியிருக்கிறார். வழிபாட்டிடத்தில் படை குடியிருந்தால் என்னவாகும் என்பதை இங்கே நான் விளக்கத் தேவையில்லை.

1539 இல் எட்டாம் ஹென்றி மடத்தை மூடினார். இன்று எஞ்சியிருப்பவை செதுக்கல் வேலை கொண்ட ஒரு வாசல் வளைவும் தாழ்ந்த சுவர்களும்தான். ஆனால் பக்கத்திலேயே ஒரு பண்ணை வளர்ந்தது. அதன் பெயர் மினாக்லோக் வவுர். ‘பெரிய மடம்’ என்று பொருள். கட்டடம் போன பிறகும் பெயர் போகவில்லை.

பயன்பாடின்றிக் கிடந்த அந்தப் பண்ணைக் கட்டடங்களை 2016 இல் ஒரு அறக்கட்டளை வாங்கியது. லொத்தர் வருமானத்திலிருந்து மரபுரிமைக்கு ஒதுக்கப்படும் நிதியும் கிடைத்தது. இத்தகைய வேலையில் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். பழைய கற்சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்புச் சாந்துதான் ஈரத்தை வெளியேற விடும். கூரையில் வௌவால்கள் இருந்தால் அவற்றைக் கலைக்கச் சட்டம் இடம்கொடாது. அவற்றுக்கேற்பத்தான் வேலையைத் திட்டமிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. கண்காட்சியில் மடத்தின் கதையோடு, அங்கே தலைமுறைகளாக மாடு வளர்த்த குடும்பத்தின் கதையும் இருக்கிறது. மன்னர் காலத்தை மட்டும் காட்டி, அதற்குப் பின் அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களை அழித்துவிடும் நூதனசாலைகள் உலகில் ஏராளம். இங்கே கொட்டில் கொட்டிலாகவே அறியப்படுகிறது.

வெளியே தொல்லியலாளர்களின் வேலை தொடர்கிறது. மடத்தின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியில்தான் இருக்கிறது.